சென்னை – யாழ்ப்பாணம்: உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? 78 வயது அம்மாவை எந்த வழியில் அழைத்துப் போவது?

கேட்டவர்: கார்த்தி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 78 வயது. பிறந்த ஊர் யாழ்ப்பாணத்தை அடுத்த இணுவில். 1970-களில் திருமணமாகி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வழியாகக் கும்பகோணத்துக்கு வந்தவர். அவருடைய அக்கா இன்னும் இணுவிலில்தான் இருக்கிறார். பெரியம்மாவுக்கு வயது 84. இந்த ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரை அக்காவோடு சேர்ந்து பார்த்தே ஆகவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் அழைத்துப் போக ஆசைதான்.

அம்மா விமானம் ஏறியதே இல்லை. இரண்டு முழங்காலிலும் வலி. தினமும் கேட்பது ஒன்றே ஒன்று: "மேலே எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்?" அதற்குச் சரியான பதில் சொல்லலாம் என்று இணையத்தில் தேடினால் எனக்கே தலை சுற்றுகிறது. ஒரு தளம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 380 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 27 நிமிடம் என்கிறது. இன்னொன்று 355 கிலோமீட்டர் என்கிறது. டிக்கெட் விற்கும் தளமோ ஒன்றே கால் மணி நேரம் என்று காட்டுகிறது. கொழும்பு 640 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் போட்டிருக்கிறார்கள். பாதித் தூரத்துக்கும் முழுத் தூரத்துக்கும் ஒரே நேரம் எப்படி?

தங்கை சென்னையில் இருப்பதால், அங்கே ஓரிரவு தங்கிவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறலாம் என்று வீட்டில் பேச்சு. இந்த வழியில் போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

பதில்: வேளச்சேரி வாசகர்

டிக்கெட்டில் உள்ள ஒன்றே கால் மணியை நம்புங்கள், 27 நிமிடத்தை மறந்துவிடுங்கள். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். எனவே புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

நேரடி விமானத்தில் இடமில்லை என்றால் கொழும்பு வழியாகவும் போகலாம். ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ரயிலானாலும் பஸ்ஸானாலும் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கவேண்டும். முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டிக்கு அது வேண்டாம்.

---

பதில்: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

தம்பி கார்த்தி, உங்கள் அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் எனக்கு. இணுவில் என்று படித்தவுடனேயே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். என் மகள் சென்னையில் குடும்பமாக இருக்கிறாள், ஆகவே இந்த வழி எனக்குப் பழக்கமானது. வகுப்பில் பல ஆண்டுகள் இதே இரண்டு ஊர்களை வைத்துத்தான் பிள்ளைகளுக்குத் தூரக் கணக்குக் கற்பித்தேன்.

முதலில் தூரம். நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் சரியானவை, அளந்த புள்ளிகள்தான் வேறு. நிலப்படத்தில் சென்னைமேல் விரலை வைத்து நேரே தெற்கே இழுத்துப் பாருங்கள். மாமல்லபுரத்தைத் தொட்டுக் கடலில் இறங்கி, கிழக்கேயும் மேற்கேயும் அதிகம் விலகாமல் விரல் யாழ்ப்பாணத்துக்கே வந்து சேரும். இரண்டு ஊரும் 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே இருக்கின்றன. அதனால் கணக்கு மிக எளிது. அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். சென்னை நகரம் 13.1 பாகை வடக்கு, யாழ் நகரம் 9.7 பாகை வடக்கு. வித்தியாசம் 3.4 பாகை. பெருக்கினால் 377 வரும். சிறிய சாய்வையும் சேர்த்தால் 380 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் சென்னை சென்ட்ரலில் ஏறி யாழ் நகரின் கடைத்தெருவான பெரியகடையில் இறங்குவதில்லை அல்லவா? மீனம்பாக்கம் சென்னையின் தென்புறத்தில் இருக்கிறது. எங்கள் பலாலி விமான நிலையமோ யாழ் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில், காங்கேசன்துறைக் கடலோரத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு நிலையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து நிற்கின்றன. ஆகவே 13.0 பாகையிலிருந்து 9.8 பாகையைக் கழியுங்கள். 3.2 பாகை, அதாவது 355 கிலோமீட்டர். உங்களைக் குழப்பிய 25 கிலோமீட்டர் இதுதான்.

இனி நேரம். அந்த 27 நிமிடத்தைத் தயவுசெய்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அரை மணி கடந்தும் இறங்காவிட்டால் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார். மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் பெரிய ஜெட் விமானம், தரையிலிருந்து கிளம்பும்போதே அந்த வேகத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தத் தளம் வகுத்திருக்கிறது. பலாலிக்கு அப்படிப்பட்ட விமானம் வருவதில்லை. வருவது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். எழுபதுக்குச் சற்றுக் கூடுதலான பேர் உட்காரலாம். நல்ல உயரத்துக்குப் போனபின் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம். மீதி அரை மணி எங்கே போகிறது என்றால், டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து மறுபுறத்தில் வந்து நிற்கும் நொடி வரைக்குமான நேரம் அது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைவரை ஊர்ந்துபோய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. பலாலி ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்காகக் கிடக்கிறது. வடக்கேயிருந்து வரும் விமானம் வளைந்து, அதற்கு நேராகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் இறங்கமுடியும்.

கொழும்புக்கும் அதே நேரம் ஏன் என்பதற்கும் விடை இதுவே. அங்கே ஜெட் போகிறது. 640 கிலோமீட்டரைப் பறந்து கடக்க அதற்கு ஒரு மணிக்கும் குறைவாகவே பிடிக்கும். ஊர்வது, காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது இவற்றுக்கான அரை மணி எல்லா விமானத்துக்கும் பொது. குறுகிய பயணத்தில் அந்த அரை மணிதான் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. பலாலி ஓடுபாதை பெரிய ஜெட்டுகளுக்குப் போதுமானதாக இருந்திருந்தால்கூட உங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிச்சமாகியிருக்கும்.

இந்த ஒன்றே கால் மணி எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு விட்டது. எங்கள் பெற்றோர் காலத்தில் சென்னை அவ்வளவு பக்கம். பிறகு போர் வந்தது. பலாலி இராணுவத்தின் இடமாயிற்று, சுற்றிலுமிருந்த ஊர்கள் வெறுமையாயின. பல ஆண்டுகள் நாங்கள் சென்னைக்குப் போக முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போனோம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடியிருந்த காலங்களில் அந்தச் சாலை வழியும் இல்லை. கொழும்பில் விமானம் ஏறி, விட்டுவந்த வடக்கையே நோக்கி மறுபடி 640 கிலோமீட்டர் பறந்தோம். 355 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! போர் முடிந்து பத்தாண்டு ஆனபிறகுதான், 2019 அக்டோபர் 17 அன்று பலாலியைப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தார்கள். அந்த நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வரத் தொடங்கியது. சில மாதத்திலேயே கொரோனா வந்து நின்றுபோனது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் வந்தது. இந்தச் சேவை இனியொருமுறை நின்றுவிடக்கூடாது என்பது என் பெரிய கவலை. போக எண்ணியிருப்பவர்கள் தள்ளிப்போடாமல் போங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று கேட்கிறேன், தம்பி. கும்பகோணத்தில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் சென்னைக்குப் போகிறீர்கள்? வடக்கே 280 கிலோமீட்டர் போய், அங்கிருந்து திரும்பத் தெற்கே 355 கிலோமீட்டர் பறப்பது, நாங்கள் கொழும்பைச் சுற்றியதைப் போலவே இருக்கிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தே பலாலிக்கு இண்டிகோ வருகிறது. நேர்கோட்டில் 185 கிலோமீட்டருக்குள்தான் வரும். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போடுவார்கள். அம்மா கேட்கும் 'மேலே எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்குப் பதில் முக்கால் மணியை ஒட்டி அமைந்துவிடும். தங்கையைத் திருச்சிக்கு வரச் சொல்லுங்கள்.

---

பதில்: திருச்சி விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்து ஓய்வுபெற்றவன்

டீச்சர் அம்மா சொன்ன கணக்கு அப்படியே சரி. அம்மாவின் முழங்காலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். விமான நேரத்தைவிட அதுதான் உங்களுக்கு முக்கியம்.

ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் சரக்குக்கு. ஜெட் விமானத்தில் முன்வரிசை கேட்டு வாங்குவதுபோல இங்கே வாங்கிவிட்டால், அம்மா குறுகலான நடைபாதையில் முழு நீளமும் நடக்கவேண்டிவரும். ஆகவே கடைசி வரிசைகளில் இடம் எடுங்கள். கழிப்பறையும் பின்னால்தான். இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள் என்பதால் நடு இருக்கை என்ற தொல்லை கிடையாது. நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்.

இந்த விமானம் ஜெட்டைவிடத் தாழ்வாக நிற்கும். கதவே படியாக விரிந்து இறங்கும், சில படிகள்தான். இருந்தாலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். படியே ஏறமுடியாது என்றால் அதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். 'நடக்கக் கஷ்டம்' என்பதும் 'படி ஏறமுடியாது' என்பதும் அவர்களுக்கு வேறு வேறு ஏற்பாடு. திருச்சியின் புதிய முனையம் பெரியது, நடக்கும் தூரம் அதிகம். நாற்காலி இல்லாமல் உள்ளே போகவேண்டாம்.

தலைக்கு மேலுள்ள பெட்டிவைக்கும் இடம் சிறியது. கைப்பெட்டி சிறிதாக இருக்கட்டும். மருந்துகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு.

ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. இவ்வளவு குறுகிய பயணத்தில் அந்த உயரம்கூட எட்டாது. மேகங்களின் ஊடே போவதால் கொஞ்சம் குலுங்கும். முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லி வையுங்கள், சொல்லிவிட்டால் பயம் பாதியாகும். ஆவணியில் நம் பக்கம் மாலை இடிமழை வழக்கம் என்பதால், கும்பகோணத்திலிருந்து நேரத்தோடு கிளம்பிவிடுங்கள். தஞ்சாவூர் வழியாகக் காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கவேண்டும். வீட்டு வாசலிலிருந்து இணுவில் வாசல்வரை எட்டு மணி நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு மணிதான் விமானம். சாப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் அந்த எட்டு மணிக்குத் திட்டமிடவேண்டும்.

---

பதில்: நாகை மீனவர் மகன்

கப்பலை யாரும் சொல்லவில்லையே! நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. பிறகு நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' கப்பலாகத் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 60 கடல் மைல், நான்கு மணி நேரம். கும்பகோணத்திலிருந்து நாகை 70 கிலோமீட்டர்தான். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் காங்கேசன்துறை நேர்கோட்டில் 55 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது அக்கரை, வெளிநாடு அன்று.

---

கார்த்தி, கும்பகோணம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர், உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'பெரியகடை' என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பவும் வாசிக்கச் சொன்னார். சென்னை யோசனையைக் கைவிட்டுவிட்டோம்.

இப்போது கப்பல் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. வந்தது கப்பலில், போவதும் கப்பலில் என்கிறார். நான்கு மணி நேரம் தாங்குவாரா? விமானமென்றால் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் யாழ்ப்பாணம் தெரியும் என்றும் கேட்கிறார்.

---

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரியகடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கப்பலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதுவும் எங்களுக்கு வேண்டிய வழிதான். ஆனால் நல்லூர்த் திருவிழா வருவது சோழகக் காற்றுக் காலத்தில். வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பாக்கு நீரிணையில் அலையைக் கிளப்பிவிடும். கடலில் பழகாதவர்களுக்குக் குமட்டும். துறைமுகத்தில் சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் விமானத்தைவிடக் குறைவாகாது. காற்றோ கடலோ மோசமானால் சேவையை நிறுத்தியும் வைப்பார்கள். தேரன்று வந்தே ஆகவேண்டியவர்கள் அதை நம்பி இருக்கமுடியாது. 78 வயதில் என் பேச்சைக் கேட்டால் விமானம்தான். திரும்பும்போது கடல் அமைதியாக இருந்து, அவருக்கும் உடம்பு இடங்கொடுத்தால், காங்கேசன்துறையில் கப்பலேறட்டும். அதற்கு ஒருவழி டிக்கெட்டாக எடுத்து வைத்திருங்கள். ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்களா என்று விமான நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். இலங்கைக்கான பயண அனுமதியையும் கிளம்புமுன் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

அதே சோழகம் விமானத்துக்கு நன்மை செய்யும். திருச்சியிலிருந்து பலாலி கிழக்கும் தெற்குமாக இருப்பதால், காற்று பின்னாலிருந்து தள்ளும். வரும்போது சில நிமிடம் மிச்சம், திரும்பும்போது அதே சில நிமிடம் கூடுதல்.

சன்னல்: ஏடிஆரின் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் எந்தச் சன்னலிலிருந்தும் கீழே பார்க்கலாம். திருச்சியிலிருந்து வரும்போது வலப்பக்கம் எடுங்கள். பாதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறும் என்றாலும், பாக்கு நீரிணையைக் கடந்ததும் காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தீவுகள் வலப்பக்கத்தில் வரவேண்டும். செம்மண் தோட்டங்களும் பனையும் தெரியத் தொடங்கினால் இறங்கப்போகிறோம் என்று அர்த்தம்.

பலாலியிலிருந்து இணுவிலுக்குக் காரில் அரை மணிக்குள் வந்துவிடலாம். பெரியம்மா வீட்டிலிருந்து யாராவது வாகனத்தோடு வரட்டும்.

கடைசியாகத் தேதி. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர் 24-ஆம் நாள், தீர்த்தம் 25-ஆம் நாள், ஆவணி அமாவாசையன்று. எழுபது சொச்சம் இருக்கைகள்தான் ஒரு விமானத்தில். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் அந்த வாரத்தில் வருகிறார்கள். தேருக்கு முந்திய நாள் விமானத்தை நம்பாதீர்கள். ஒரு வாரம் முன்னால் வரும்படி இப்போதே எடுத்துவிடுங்கள். தேரன்று கூட்டத்தில் இரண்டு மூதாட்டிகளையும் நிற்க வைக்கமுடியாது. அதற்கு முன் ஒரு சாதாரண நாளில், காலைப் பூசைக்கு இருவரையும் உள்ளே கூட்டிப்போய் ஆறுதலாகக் கும்பிட வையுங்கள். நீங்கள் வேட்டி கொண்டுவாருங்கள், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இணுவிலிலிருந்து எங்கள் ஊர்த் திருநெல்வேலி வழியாகத்தானே நல்லூருக்குப் போவீர்கள். வரும் தேதியை இங்கே எழுதுங்கள்.